தேதி மட்டும் போட்ட பக்கங்கள்

சின்னவள் பூங்கொடியின் பென்சில் டப்பாவில் உன் சில்வர் பென் கிடக்கிறது. இன்று காலை ஸ்கேல் தேடித் திறந்தபோதுதான் பார்த்தேன். மூடியைக் கழற்றி முகர்ந்தேன். மை காய்ந்து போய்விட்டது. ஆனால் வாசனை போகவில்லை. தோலும் சொல்யூஷன் பசையும் கலந்த அந்த ஷூ ஃபேக்டரி வாசனை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பஸ்ஸில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இன்னா டீச்சர், மூக்குக்குப் பேஜாரா இருக்குதா? உன் கால்ல கிடக்கிற செருப்பும் எங்ககிட்ட இருந்து இப்பிடித்தான் வந்துது," என்று ஒருநாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாய். அதற்கப்புறம் நான் திருப்பவில்லை.

நாளைக் காலை வேலூருக்குப் போக வேண்டும். குழந்தைகள் விஷயத்தை முடிவு செய்யும் அந்தக் குழு மறுபடி கூப்பிட்டிருக்கிறது. ரேவதியும் பூங்கொடியும் சேர்ந்து என்னோடு இருப்பதா, பெரியவள் ஒரு விடுதிக்கும் சின்னவள் வேறொரு இல்லத்துக்கும் போவதா என்று நாளைக்குத் தெரியும். நான்கு வருடம் முன்னால் இதே கேள்விக்கு நீ எழுந்து நின்று பதில் சொன்னாய். நான் பின் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளை முன்னால் நிற்கப்போவது நான். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே உன்னிடம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? ஆம்பூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மாடி அறை. ஞாயிறு ஆராதனை முடிந்து, நம் பேரணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்து நான் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தேன். ஆதரவில்லாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு. பாடப் புத்தகங்கள் தபாலில் வந்துவிடும். மாதம் இரண்டு ஞாயிறு நேர்முக வகுப்பு, அதை நடத்துவது நான். ஒவ்வொருவரையும் எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். அங்கன்வாடி உதவியாளர் சேவை என்றார். விடுதிக் காப்பாளர் ஒருவர் பதவி உயர்வு என்று உண்மையைச் சொன்னார். நீ கடைசி பெஞ்சிலிருந்து, "எனக்குப் படிப்பு வேணாம் டீச்சர், சர்டிபிகேட்டுதான் வேணும். ரெண்டு பொண்ணுங்கள பிரிக்கப் பாக்கறாங்க," என்றாய். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்தேன்.

கதையை நீ பஸ்ஸில்தான் சொன்னாய். நீ ஷூ ஃபேக்டரியில் செக்கர். தைத்து வரும் ஷூவின் மேல்தோலைப் பார்த்து, தையல் தப்பியிருந்தாலோ கீறல் இருந்தாலோ சில்வர் பென்னால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது உன் வேலை. உன் மேசைக்கு எதிர் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்களின் அம்மா. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பன் பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, சுவரோரம் நின்ற இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்து உன் ஒற்றை அறை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாய். ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. அப்போது ரேவதிக்குப் பதினொன்று, பூங்கொடிக்கு ஏழு. குழு உன்னைக் கேட்டது: சொந்தமா? இல்லை. கல்யாணம்? ஆகவில்லை. குழந்தை வளர்ப்பில் பயிற்சி உண்டா? இல்லை. தற்காலிகமாக வைத்துக்கொள், பயிற்சி எடு, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நீ என் வகுப்புக்கு வந்தாய்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நீ. புத்தகத்தைப் பிரித்துவிட்டு, "இத யாருக்கு எழுதி வெச்சிருக்காங்க டீச்சர், வக்கீலுக்கா?" என்றாய். நியாயமான கேள்விதான். அந்தத் தமிழைப் படித்து எனக்கே கொட்டாவி வரும். அதனால் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நான் வாசிப்பேன், நீ அதை உன் மொழிக்கு மாற்றுவாய். "புதிய பராமரிப்பாளரின் பொறுமையைக் குழந்தை தொடக்கத்தில் சோதித்துப் பார்க்கும்" என்று நான் வாசித்தால், "புது சூப்பர்வைசர் வந்தா நாங்க பண்றதுதான். ஒரு மாசம் தாக்குப் புடிச்சான்னா அப்பறம் நாங்களே டீ வாங்கித் தருவோம்," என்பாய். அடுத்த வகுப்பில் நான் அந்த உதாரணத்தை என்னுடையதுபோலச் சொல்லிப் பெயர் வாங்கினேன். நீ கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தாய், காட்டிக் கொடுக்கவில்லை.

பிறகு படிப்பின் பகுதியாக அந்த நோட்டு வந்தது. நாளுக்கு ஒரு பக்கம், குழந்தையைப் பற்றிய கவனிப்புக் குறிப்பு. பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, நீயாக நினைத்ததை எழுதாதே என்பது விதி. மற்றவர்கள் எல்லாரும் கதை எழுதினார்கள். குழந்தை மகிழ்ச்சியாக இருந்தது, கடவுள் காப்பாற்றுகிறார், இந்த மாதிரி. உன் நோட்டு மட்டும் வேறாக இருந்தது. "சின்னது சோத்துல பாதி மிச்சம் வெச்சிது. பெரிசு ஸ்கூல் விட்டு வர நாப்பது நிமிஷம் லேட், கேட்டதுக்குப் பொய். சின்னது பாயை நனைச்சிது. பெரிசு சின்னதை அடிச்சிது, ரெண்டு அடி, முதுகுல." நான் சொக்கிப் போனேன். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். சிவப்பு மையில் "கூர்மையான கவனிப்பு, மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இருபது வருடம் ஆசிரியையாக இருந்தவளுக்கு அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் என் ஆத்திரம் அடங்காது.

வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி நோட்டைக் கேட்டபோது நீ பெருமையோடு எடுத்துக் கொடுத்தாய். டீச்சரே மிக நன்று போட்டிருக்கிறாரே. அவர் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். அறிக்கையில் எழுதிவிட்டார்: குழந்தைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, படுக்கையை நனைக்கிறார்கள், பொய், அடிதடி, பராமரிப்பாளரின் குறிப்பே சாட்சி. இருவரையும் அவரவர் வயதுக்கேற்ற இல்லங்களில் தனித்தனியே சேர்க்கப் பரிந்துரை. கடிதத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நீ நேராக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். ஃபேக்டரி யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நோட்டை முதலிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முதல் மாதம் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது. அப்புறம் இடையிடையே தேதி மட்டும் போட்ட பக்கங்கள். கடைசி மாதம் பெரும்பாலும் தேதிதான். "இதெல்லாம் ஏன் எழுதல?" என்று கத்தினேன். நீ என்னை விநோதமாகப் பார்த்தாய். "அன்னிக்கெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா இருந்துதுங்க. நல்ல பீஸ்ல எவனாச்சும் வட்டம் போடுவானா?"

பதினெட்டு வருடம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய கை உன்னுடையது. சரியாக இருப்பதைப் பார்த்தால் அந்தக் கை தொடாமல் தாண்டிப் போகும். அதைக் கூர்மை என்று மெச்சினேன் நான், உன் வளர்ப்பில் ஓட்டை என்று எண்ணினார் அதிகாரி. எங்கள் இருவரில் ஒருவர்கூட உன்னிடம் கேட்கவில்லை.

அந்த மத்தியானம் நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. விசாரணைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. என் யோசனை எனக்கு அப்போது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. காலிப் பக்கங்களை நிரப்பிவிடலாம். நான் சொல்லச் சொல்ல நீ எழுது. பூங்கொடி பாட்டுப் பாடினாள், ரேவதி தங்கைக்கு ஊட்டிவிட்டாள், அந்த மாதிரி நாலு நாலு வரி. நடந்திருக்கத்தானே செய்யும், பொய்யில்லையே என்றேன். பேனாவை உன் கையில் திணித்தேன். நீ அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டாய்.

"நடந்திருக்கும். எந்தத் தேதின்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதினா பொய்தான்."

"குழந்தைங்க போயிடுமேடி!"

"போவாதுங்க. பொய் எழுதி வெச்சிக்கினு நாளைக்குப் பெரிசு பொய் சொன்னா எந்த மூஞ்ச வெச்சி நான் கேக்கறது? நீ சும்மா இரு டீச்சர். நான் பேசிக்கறேன்."

டீச்சர் என்ற மரியாதையும் நீ என்ற ஒருமையும் ஒன்றாக வந்து விழும் உன் பேச்சு. அன்றைக்கு எனக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பூங்கொடியின் கையில் ஒரு டப்பா பிரியாணி கொடுத்தனுப்பினாய். சாப்பிட்டேன். கோபம் இருந்தாலும் உன் பிரியாணியை யார் விடுவார்கள்?

விசாரணை அறையில் நீ நின்றதை நான் பலபேரிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்டிருக்க மாட்டாய், அதனால் உனக்கும் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா, ஓரத்தில் அந்த அதிகாரி. அறிக்கையை வாசித்து முடித்து, உன் பதில் என்ன என்றார்கள். நீ அதிகாரியின் காலைக் காட்டினாய்.

"சார் போட்டிருக்கிற ஷூவுல எங்கியாச்சும் சில்வர் வட்டம் இருக்குதா பாருங்க மேடம்."

அந்த மனிதர் தன்னையறியாமல் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இருக்காது. அதுக்காக யாரும் பாக்கலன்னு அர்த்தமா? என்ன மாதிரி ஒருத்தி திருப்பித் திருப்பிப் பாத்துத்தான் அனுப்பியிருப்பா. சரியா இருந்தா நாங்க ஒண்ணும் எழுத மாட்டோம். எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து அதான். அந்த நோட்டுல எழுதினத மட்டும் படிச்சிட்டீங்க. எழுதாத பக்கத்தையும் படிங்க. தேதி போட்டிருக்கேன் இல்ல? அன்னிக்கும் நான் பாத்தேன். அன்னிக்கு ரெண்டும் நல்லா இருந்துதுங்க."

கண்ணாடி அம்மா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நிறைந்த பக்கங்கள், குறைந்த பக்கங்கள், பிறகு தேதிகள். தேதி, தேதி, தேதி. "எப்போ இருந்து பாயை நனைக்கறதில்ல?" என்று கேட்டார். "அதுல போட்டிருக்கேன் மேடம். அந்த வட்டம் எங்க நிக்குதுன்னு பாருங்க," என்றாய். அவர் பார்த்தார். பாயை நனைத்த குறிப்பு தீபாவளிக்கு முந்தின வாரத்தோடு நின்றிருந்தது. இருவரும் சேர்ந்தே உன்னிடம் இருக்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். வெளியே வந்தோம். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். "தண்ணி குடு டீச்சர்," என்றாய். என் பாட்டிலைப் பூராவும் காலி செய்தாய்.

சான்றிதழ் மட்டும் உனக்கு வரவேயில்லை. காலிப் பக்கங்கள் இருப்பதால் நோட்டை ஏற்க முடியாது, மறுபடி செய்யவும் என்று பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் மூன்று கடிதம் எழுதினேன், மூன்றும் சூடாக. ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ அலுத்துக்கொள்ளவில்லை. மறுபடி பணம் கட்டிச் சேர்ந்தாய், மறுபடி ஒரு நோட்டு. இந்த முறை நல்லதையும் எழுதிப் பழகு என்று கெஞ்சினேன். பழகினாய், பாவம். எனக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரு வரி: "ரெண்டும் ரொம்ப நேரம் சிரிச்சிதுங்க. காரணம் கேட்டேன், சொல்லல." என் வகுப்பில் இப்போது அந்த வரியைத்தான் முதல் நாள் கரும்பலகையில் எழுதுகிறேன். உன் உதாரணம் என்று சொல்லியே எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கையில் இருந்தாய். பெண்கள் என் வீட்டில் இருந்தார்கள், அவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதும் வேலையும் என்னுடையது ஆயிற்று. நான் பார்க்க வரும்போதெல்லாம் உன் முதல் கேள்வி, "எழுதினியா?" என்பதுதான். நோட்டைக் கொண்டுவந்து காட்டுவேன். ஒருநாள் படித்துவிட்டு, "இன்னா டீச்சர், ஒரு இட்லி தின்னதுக்கு இம்மாம் பெரிய கதையா? கம்மியா எழுது," என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் என்னைத் திட்டினார். அதுதான் நீ எனக்குக் கடைசியாகக் கற்றுக்கொடுத்தது. மறுநாள் நீ பேசவில்லை. அதற்கடுத்த நாள் நீ இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சான்றிதழுக்கு ஒரு பரீட்சை பாக்கி வைத்துவிட்டுப் போகிறவள் உண்டா?

இப்போது எல்லாரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். என் அண்ணன் சொல்கிறார், ஐம்பதை நெருங்கும் வயதில் உனக்கு ஏன் இந்த வம்பு என்று. சபையில் ஒரு அம்மா, நல்ல இல்லமாகப் பார்த்து நானே சேர்த்துவிடுகிறேன் என்றார். ஒன்றாகச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். வயது வேறு வேறு ஆயிற்றே என்றார். அப்படியானால் உங்கள் உதவி வேண்டாம் என்று ஆராதனை முடிந்த வாசலிலேயே சொல்லிவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். குழுவிலிருந்து வந்த புது அதிகாரி, பராமரிப்பாளர் பயிற்சி முடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் அதை நடத்துகிறவள் என்றேன். நடத்துவது சரி, முடித்திருக்கிறீர்களா என்றார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆம், சேர்ந்துவிட்டேன். என் வகுப்பில் நானே மாணவி. வேறொருவர் நடத்தும் ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில், உன் இடத்தில் உட்காருகிறேன்.

நோட்டும் எழுதுகிறேன். அதுதான் இன்று எனக்குக் கவலை. நீ போனபிறகு ஒரு பக்கம்கூடக் காலியில்லை. பூங்கொடிக்குப் பதினொரு வயது, மறுபடி பாயை நனைக்கிறாள். ரேவதி பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. உன் தட்டில் நான் சாப்பாடு போட்டேன் என்று தட்டையே தூக்கி எறிந்தாள். எல்லாம் எழுதியிருக்கிறேன், தேதியோடு. நாளை அவர்கள் இதைத்தான் புரட்டப்போகிறார்கள். உன் நோட்டிலாவது காலிப் பக்கங்கள் இருந்தன. என்னுடையதைப் படித்தால் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாற்றி எழுத எனக்கு நேரம் இருந்தது. கையெழுத்தும் அழகு, தமிழும் வரும். போன வாரம் ஒரு புது நோட்டுகூட வாங்கிவிட்டேன், உன்னிடம் மறைக்க முடியாது. பிரித்து, தேதி போட்டு, பேனாவைத் திறந்தேன். "தெரியாதத எழுதினா பொய்தான்" என்று நீ பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரியே இருந்தது. மூடிவிட்டேன். அந்த நோட்டு இப்போது பூங்கொடிக்குக் கணக்கு நோட்டு.

நாளை இந்த நோட்டைத்தான் கொண்டுபோகிறேன், ஒரு வரி அடிக்காமல். அம்மாவை இழந்து, நான்கு வருடத்தில் இரண்டாவது அம்மாவையும் இழந்த பிள்ளைகள் தட்டை எறியாமல் என்ன செய்யும்? எறிந்த தட்டை எடுத்துக் கழுவி, அதிலேயே மறுபடி சோறு போட நான் இருக்கிறேன் என்று சொல்வேன். எறிவதெல்லாம் நிற்கும்வரை எழுதுவேன், நின்ற நாளையும் நானே பார்ப்பேன், வேறு ஒருவரும் பார்க்க வேண்டாம் என்று சொல்வேன். கேட்கவில்லையென்றால் மேல்முறையீடு. அதற்கும் கேட்கவில்லையென்றால் அதற்கு மேல். எனக்கு ஓய்வு பெற இன்னும் பல வருடம் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சாயங்காலம் பள்ளி விட்டு இருவரும் வந்தார்கள். டீ குடித்தார்கள். பூங்கொடி காலையில் எழுந்தபோது பாய் உலர்ந்துதான் இருந்தது, நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரேவதி தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், எந்தத் தட்டு என்று நான் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கிறாள். உன் தட்டுதான். பிறகு மேசைக்கு வந்து என் நோட்டை இழுத்து, இன்றைய தேதியை அவளே எழுதினாள். நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல டீச்சரம்மா," என்றாள். நோட்டை மூடி, நாளைக்கு எடுத்துப்போகும் பையில் அவளே வைத்தாள்.